எஞ்சினுக்கு வாழையிலை கட்டிய நவராத்திரி

விகாரி வருஷம், புரட்டாசி 21, புதன்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் கட்டுகிறது, பெய்யவில்லை. கொலுவுக்கு இன்று பச்சைப்பயறு சுண்டல். உப்பு ஒரு சிட்டிகை கூடிவிட்டது, யாரும் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

அவர் தொட்டியம் போய் வாழைத்தார் விலை பேசிவிட்டு மதியம் திரும்பினார். வண்டி கொட்டகைக்குள் வந்ததும் பெட்ரோல் வாசனை கூடம் வரைக்கும். சொன்னேன்.

"பெட்ரோல் வண்டியில பெட்ரோல் வாசனை வராம, மல்லிகைப்பூ வாசனையா வரும்?" என்றார்.

கொழுந்தனார் கோபாலுக்கு ஒரே சிரிப்பு. அண்ணன் என்ன சொன்னாலும் சிரிக்கிற தம்பி.

முசிறியிலிருந்து சம்பந்தி வீட்டு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். கோதைக்கு வளைகாப்பு விஜயதசமியன்று, திங்கள் மதியம். முடிந்த கையோடு பிரசவத்துக்கு இங்கே அழைத்து வரவேண்டும். ஒன்பதாம் மாதம். பஸ் குலுக்கல் ஆகாது, கார் இருந்தால் மெதுவாகப் போகலாம் என்று அங்கே டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஆக, இந்த வண்டிதான்.

ஆவணியில் கோதை இதே வண்டியில் வந்தபோது குணசீலம் தாண்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி. வாந்தியோடு போனால் பொறுத்துக்கொள்ளலாம். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத பெட்ரோல். பக்கத்திலேயே கொதிக்கிற எஞ்சின். பின்னால் என் பெண், அவள் வயிற்றில் ஒரு உயிர். சாப்பிட உட்கார்ந்தால் இதே நினைப்பு.

பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பல வருஷத்து எண்ணெய், புழுதி, வாழைச்சருகு, ஒரு குருவி இறகு. அடிப்பிடித்த பால் சட்டி எவ்வளவோ தேவலை. இதில் எது கசிகிறது என்று யாருக்குத் தெரியும்? கழுவினால்தான் தெரியும். ஆயுத பூஜைக்கு முன்னால் கழுவிவிடுவது என்று முடிவு. வெள்ளிக்கிழமை. என் முடிவுதான். அவரிடம் "பூஜைக்கு வண்டி சுத்தமா இருக்க வேணாமா?" என்று மட்டும் கேட்டேன். சரி என்றார்.

22, வியாழன்

நான் கோயிலிலிருந்து வருவதற்குள் கோபால் முந்திக்கொண்டார். மண்டியிலிருந்து வண்டி வந்து நின்ற சூட்டோடு பானெட்டைத் திறந்து இரண்டு குடம் தண்ணீர். கொட்டகை முழுக்க ஆவி.

"என்ன தம்பி இது?"

"திருமஞ்சனம், அண்ணி! ஸ்ரீரங்கத்துல திருமஞ்சனம் இல்லாம எது சுத்தமாகும்?"

"காய்ஞ்ச இரும்புச் சட்டியில பச்சைத்தண்ணி ஊத்துவீங்களா? விரிஞ்சு போயிருந்தா என்ன பண்ணுவீங்க?"

பெருமாள் புண்ணியம், விரியவில்லை. ஆனால் வண்டி கிளம்பவில்லை. கைப்பிடி போட்டுச் சுற்றிச் சுற்றி கோபாலுக்கு வேர்த்ததுதான் மிச்சம். அவர் வந்து ஒரு கத்து கத்தினார். திங்கட்கிழமைக்கு வாடகை வண்டி சொல்லவேண்டியதுதான் என்று மேல்துண்டை உதறினார்.

வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்தேன். கோதை பள்ளிக்கூடம் போன நாளில் அவள் பாடத்தோடு நானும் எழுத்துக்கூட்டிக் கற்றதுதான் என் இங்கிலீஷ். அகராதி பக்கத்தில் இருந்தால் போதும். டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு கறுப்பு மூடி, நெருப்புப் பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கு போட்டு அனுப்புவது. அதற்குள் ஈரம் புகுந்தால் வண்டி ஊமை. இரண்டு கிளிப்பைத் தள்ளினால் மூடி கையோடு வருகிறது, ஒயர் எதையும் பிடுங்க வேண்டாம். உள்ளே நெற்றி வேர்த்த மாதிரி முத்து முத்தாக. பழைய மல் வேட்டித் துண்டால் ஒற்றி எடுத்தேன். வெயிலில் கொஞ்ச நேரம் காட்டி மறுபடி மாட்டினோம்.

ஒரே சுற்றில் கிளம்பியது. கோபால் கைதட்டினார். அவர் மண்டிக்குப் போனார். போகும்போது துண்டை உதறவில்லை.

வாசனை அப்படியேதான் இருக்கிறது.

வெற்றிலை வாங்கவேண்டும். குங்குமம் தீர்ந்தது.

23, வெள்ளி

விடிவதற்கு முன் எழுந்து புளியோதரை கிளறி, ரசம் வைத்து, அடுப்பை நீர் தெளித்து அணைத்தாயிற்று. மண்ணெண்ணெய் கையில் இருக்கும்வரை வீட்டில் எங்கேயும் தீ கூடாது. கொலு விளக்குக்கும் அதுதான் சட்டம். மாலையில்தான் ஏற்றினேன்.

ராத்திரி முழுக்க வண்டி நின்றதால் எஞ்சின் சில்லென்று இருந்தது. கொட்டகையை விட்டுத் தள்ளி முற்றத்தில் நிறுத்தச் சொன்னேன். கொள்ளிடக் காற்று நன்றாக வந்தது. பக்கத்தில் ஒரு வாளி மணல்.

முதலில் பாட்டரி. அதன் ஒயர்களைக் கழற்றவேண்டும், அதிலும் வண்டி உடம்போடு சேர்ந்திருக்கிற ஒயரை முதலில். அப்போது உலோகம் எதுவும் குறுக்கே படக்கூடாது, பட்டால் பொறி பறக்கும். என் கையில் வளையல். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகச் சுமங்கலி வளையலைக் கழற்றுவதா? மனசு வரவில்லை. முழங்கை வரை ஏற்றி, அதன்மேல் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறமும் யோசனை. கடைசியில் ஸ்பானரைக் கோபாலிடமே கொடுத்துவிட்டேன். கோபால் தன் மோதிரத்தைக் கழற்றி என்னிடம் தந்தார்.

தண்ணீர் படக்கூடாத இடங்களை மூடுவதற்குப் புத்தகத்தில் மெழுகுத்துணி என்று போட்டிருக்கிறது. மெழுகுத்துணிக்கு எங்கே போக? வாழை மண்டி வீட்டில் இலைக்கா பஞ்சம்! நேற்றே தணலில் வாட்டி வைத்திருந்தேன். வாட்டிய இலை கிழியாது, சொன்னபடி மடங்கும், தண்ணீரை உள்ளே விடாது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு இரண்டு இலை, டைனமோவுக்கு ஒன்று, காற்று போகிற வாய்க்கு உள்ளே துணி வைத்து மேலே இலை. எல்லாம் வாழைநாரால் இறுக்கிக் கட்டு. கட்டிச்சோறு மூட்டை மூட்டையாக வைத்த மாதிரி இருந்தது.

"அண்ணி, எஞ்சின் ஊருக்குப் போகுது போல. ஊறுகாய் வெச்சீங்களா?"

"பேசாம உமியைக் கொட்டுங்க தம்பி."

கீழே உமியைத் தடிமனாகப் பரப்பியது நல்லதாகப் போயிற்று. எண்ணெய் அழுக்கு தெருச் சாக்கடைக்குப் போகாமல் அதுவே குடித்துவிட்டது.

மண்ணெண்ணெயைப் பிரஷில் தொட்டு, தேய்ந்த பல் பிரஷ், சந்துகளுக்கு ஈர்க்குச்சி. மேலிருந்து கீழே. ரப்பர் குழாய்மேல் பட்டால் உடனே துடைக்கவேண்டும், ஊறினால் கெடும். கோபாலுக்குப் பொறுமை போயிற்று.

"பெட்ரோல் போட்டுத் துடைச்சா சீக்கிரம் போயிடும், அண்ணி."

"போயிடும். அழுக்கு, வண்டி, நீங்க, இந்தக் கொட்டகை, எல்லாம் சேர்ந்தே போயிடும்."

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பெரியவர் வாயில் உறையூர்ச் சுருட்டோடு உள்ளே வருகிறார்.

"அங்கேயே நில்லுங்க! சுருட்டை வாசல்ல போட்டுட்டு வாங்க!"

"வீட்டுக்கு வந்தவனை வாங்கன்னு சொல்றதில்லையா?"

"வாங்க. சுருட்டு வேண்டாம்."

சுருட்டை விட மனமில்லாமல் திரும்பிப் போய்விட்டார்.

அழுக்கு இளகியபின் பூந்திக்கொட்டை நுரை. அப்புறம் சொம்பால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், வீசாமல், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி. துணியால் ஒற்றி எடுத்து, இலைகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை.

கறுப்பு என்று நினைத்திருந்தது பச்சை நிறம். இத்தனை வருஷமாக எங்களுக்குத் தெரியாது.

கணக்கில் மண்ணெண்ணெய், பிரஷ், பூந்திக்கொட்டை. "வண்டி" என்ற தலைப்பில் எழுதி, அடித்து, "கோதை பிரசவம்" என்பதன் கீழ் எழுதினேன்.

இடுப்பு வலி. கையில் வாசனை போக எலுமிச்சை மூடி.

24, சனி

புரட்டாசிச் சனி. மாவிளக்கு ஏற்றினேன். கோயிலில் கூட்டம் நெரிசல். பெருமாளிடம் கோதையைப் பற்றித்தான் சொல்லிவிட்டு வந்தேன். வண்டியைப் பற்றிச் சொல்லவில்லை, அது என் வேலை.

திரும்பி வந்தால் வீட்டு வேலைக்கு வரும் பொன்னம்மா அடுப்பின் முன்னால் முறம் நிறைய உமியோடு. முற்றத்தில் கூட்டிக் குவித்திருந்த எண்ணெய் உமி! உமி என்றால் அடுப்புக்குத்தான் என்று அவள் எடுத்து வந்திருக்கிறாள். நம் வீட்டில் என்றைக்கும் அப்படித்தானே. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நேற்றே சொல்லியிருக்கவேண்டியது நான்.

"நல்லா எரியுமேன்னு எடுத்தேம்மா."

"ரொம்ப நல்லா எரியும். அதான் வேண்டாம்."

கொல்லை மூலையில் கொட்டி மேலே மண் போட்டாயிற்று. துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாமல் கொடியில் விரித்துப் போட்டேன். குவியலாகக் கிடந்தால் அதுவே சூடேறும் என்று புத்தகத்தில் இருக்கிறது.

விளக்கு வைப்பதற்கு முன் கோபால் பாட்டரியை மாட்டினார். கழற்றியதற்கு நேர் மாறாக, உடம்பு ஒயர் கடைசியில். வண்டியை ஓட்டிப் பார்க்க நாளை காலை.

கொண்டைக்கடலை ஊறவைக்க.

26, திங்கள். விஜயதசமி. காலை

நேற்று எழுதவில்லை. சரஸ்வதி பூஜையன்று இந்த நோட்டும் பென்சிலும் பூஜையில். இப்போதுதான் மறுபூஜை முடிந்து கையில் எடுத்தேன். முதல் எழுத்து இது. நேற்று நடந்ததை மறப்பதற்குள்.

காலையில் கோபால் பக்தி முற்றிப்போய், மண்டித் தராசு, அரிவாள், கார் ஸ்பானர், ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, கொலு முன்னால் பலகையில் அடுக்கிவிட்டார். இங்கிலீஷ் புத்தகமும் அங்கே. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. அதெல்லாம் வைத்து முடித்த பிறகுதான் வண்டியைக் கிளப்பினோம்!

பானெட்டைத் திறந்து வைத்து ஓடவிட்டு நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தமான இரும்பில் ஒரு மினுக்கல். துடைத்தேன். மறுபடி. பெட்ரோல் பம்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போகிற குழாய், அதை இறுக்குகிற போல்ட்டுக்கு அடியிலிருந்து சொட்டு. சொட்டு விழுகிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, புகை போகிற சூடான குழாய். எஞ்சினை நிறுத்தியதும் சொட்டு நின்றது, ஆனால் போல்ட்டடியில் ஈரம் கசிந்துகொண்டே இருந்தது. இத்தனை நாளும் அழுக்குதான் அதைக் குடித்து மறைத்து வைத்திருந்தது.

அவரிடம் காட்டுவதற்குள் சாயங்காலமாயிற்று, மண்டி பூஜை அவருக்கு. வந்தவர் நேராகக் குளித்து, பட்டு வேட்டி கட்டி, வண்டிக்கு மாலை போட்டு, பானெட்டைத் திறக்கச் சொன்னார். வருஷா வருஷம் எஞ்சினுக்கே கற்பூரம் காட்டுவது பழக்கம். கோபால் தட்டில் கற்பூரம் வைத்து, தீப்பெட்டியைத் தேடுகிறார்.

"தம்பி, தட்டை அப்படியே துளசி மாடத்துல வையுங்க. கற்பூரம் வேண்டாம்."

அவருக்குப் புரியவில்லை. "என்ன வேண்டாம்?"

"வண்டிக்குக் கற்பூரம் வேண்டாம். பெட்ரோல் கசியுது."

"நாளைக்கு வளைகாப்புக்குப் போற வண்டி. பூஜையன்னிக்குக் கற்பூரம் காட்டாம கிளப்பச் சொல்றியா? நீயா சொல்றே, நாயகி?"

நானா சொல்கிறேன் என்று எனக்கும் ஒரு கணம் இருந்தது. ஏகாதசி தவறியதில்லை. கற்பூர ஆரத்தி தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் ஒரு நாள் சாப்பிட்டதில்லை. அந்த நான், பூஜைத் தட்டை வழிமறித்துக்கொண்டு நிற்கிறேன். நகரவில்லை.

"குலதெய்வத்துக்கே பொறுக்காது" என்றார். முகம் சிவந்துவிட்டது.

"நீங்க கிட்ட வாங்க. அந்த போல்ட்டுக்கு அடியில விரலை வையுங்க."

"பட்டு வேட்டி. அழுக்காகும்."

"ஆகாது. வையுங்க."

குனிந்து விரலை வைத்தார். எடுத்துப் பார்த்தார். ஈரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் சில்லென்று குளிர்ந்து காய்ந்துவிட்டது. மோந்து பார்த்தார். குழாயைப் பார்த்தார், பக்கத்தில் புகைக் குழாயைப் பார்த்தார். பின் கதவைப் பார்த்தார், போன தடவை கோதை உட்கார்ந்த இடம்.

துளசி மாடத்துக்குப் போய்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே கொலுவுக்குப் போனார். அங்கேதான் ஏற்றினார். நான் வெறும் குங்குமமும் துளசியும் கொண்டுவந்து எஞ்சின் மேல் வைத்தேன். கை கூப்பியபோது எதுவும் குறைந்த மாதிரித் தோன்றவில்லை.

கொட்டகைக்கு அடுத்து சமையலறை, அங்கே நிறுத்தக்கூடாது என்று சொன்னேன். கிளப்பவும் கூடாது. அவர், கோபால், நான், பொன்னம்மா, நாலு பேரும் மாலை போட்ட வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் முற்றத்துக் கோடியில் விட்டோம். எதிர்வீட்டுப் பெரியவர் வாசலிலிருந்து: "என்னம்மா, ஆயுத பூஜைக்கு வண்டியைப் புறப்பாடு பண்றீங்களா?"

"ஆமாம். சுருட்டு அணைச்சாச்சா?" அவரேதான் கேட்டார், என்னவர்.

இன்று காலை. மறுபூஜை ஆனதும் கோபால் குங்குமப் பொட்டோடு ஸ்பானரை எடுத்துப்போய் போல்ட்டைக் கழற்றினார். இரண்டு பக்கமும் மெல்லிய செம்பு வளையம். உடையவில்லை, ஆனால் நாள்பட்டு இறுகிக் கல்லாகிவிட்டது, அழுத்தினால் படியவில்லை. கடை எதுவும் திறந்திருக்காது. அவர் முகத்தில் மறுபடி வாடகை வண்டி.

செம்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். பாத்திரத்துக்கு ஒட்டுப் போட வருகிற கன்னார் செய்யும்போது நின்று பார்த்திருக்கிறேன். வளையங்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, மோந்து பார்த்து, அப்புறம் சமையலறைக்கு. அடுப்புத் தணலில் இடுக்கியால் பிடித்துச் சிவக்கும் வரை. சொம்பில் போட்டதும் சுர்ரென்று ஒரு சத்தம். புளித்தண்ணீரில் தேய்த்ததும் புது நாணயம் மாதிரி.

மாட்டி இறுக்கி, ஓடவிட்டு, அவர்தான் விரலை வைத்துக்கொண்டு நின்றார். நான் போதும் என்று சொல்லும் வரை நின்றார்.

காய்ந்த விரல்.

ராகுகாலம் கழிந்து புறப்படுகிறோம். எடுத்துவைக்க: கண்ணாடி வளையல், பட்டுப்புடவை, பழத்தட்டு, சீப்பு வாழைப்பழம், மணல் வாளி.

அதே நாள், மாலை

வந்து சேர்ந்தோம். கோதை உள்ளே படுத்திருக்கிறாள்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. இரண்டு கையும் நிறைய பச்சையும் சிவப்பும். சம்பந்தியம்மா வாய் ஓயாமல் கலந்த சாதம் பரிமாறினார். பருப்புசாதம் கொஞ்சம் குழைவு. புறப்படும்போது மாப்பிள்ளை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், முகத்தில் கவலை. அவர் மாப்பிள்ளையை அழைத்துப்போய் பானெட்டைத் திறந்து காட்டினார்.

"நல்லா பார்த்துக்குங்க மாப்பிள்ளை. உங்க மாமியார் கழுவினது."

எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார்.

மெதுவாகத்தான் வந்தார், மாட்டுவண்டிகூட முந்தியது. குணசீலம் வரும்போது நான் கோதை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாண்டியது. கண்ணை மூடி என் தோளில் சாய்ந்திருந்தாள், ஜடை நிறையப் பூ.

"வாந்தி வருதாம்மா?"

"இல்லேம்மா. இந்தத் தடவை வாசனையே இல்லியே."

முன் சீட்டிலிருந்து கோபால் மூக்கை உறிஞ்சினார். "இருக்கே! அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே மல்லிகைப்பூ வாசனை வருது."

அவர் திரும்பவில்லை. காது சிரித்தது.

27, செவ்வாய்

நள்ளிரவில் மழை பெய்திருக்கிறது. முற்றம் குளிர்ச்சி.

கொலு பொம்மை எடுத்து வைக்க. துணியில் சுற்றும்போது செட்டியார் பொம்மையின் கை பத்திரம். கோதைக்குக் கசாய சாமான் வாங்க: சுக்கு, ஓமம், திப்பிலி. கொடியிலிருந்த துணிகள் நனைந்துவிட்டன, மறுபடி விரிக்க.

அவளுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை புரளும்போதும் உள்ளேயிருந்து வளையல் சத்தம்.

கொட்டகையில் பானெட் திறக்கும் சத்தம். நான் போகவில்லை.

"நாயகி," என்று அங்கிருந்தே குரல், "காய்ஞ்சுதான் இருக்கு."

கஞ்சி பொங்குகிறது.